மருமகனின் துவக்கும் என் மடிச் சாவியும்

எனக்குச் சந்தேகம் வராத சாமான் இந்த லண்டனில் ஒன்றும் இல்லை. கடையில் பால் வாங்கினால் முன்வரிசைப் போத்தலைத் தொட மாட்டேன், பின்னுக்குக் கையை விட்டுத்தான் எடுப்பேன். கதவு மணி அடித்தால் முதலில் மேல்மாடி யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன், பிறகுதான் கீழே இறங்குவேன். அதற்குள் வந்தவர் போய்விடுவார். (போனால் போகட்டும். தேவை என்றால் திரும்பி வருவார்தானே.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் கடதாசியை நம்பலாம். எனக்கு என் கண்ணையும் மூக்கையும் விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் சந்தேகப்படுவதை ஒரு குறையாக நான் நினைத்ததே கிடையாது. ஒரே ஒரு தரம் மட்டும் அது என்னைத் தலைகுனிய வைத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். என் மகள் சொன்னால் கூட்டிச் சொல்லுவாள். நான் சொன்னால் நடந்தது நடந்தபடி இருக்கும்.

நான் இருப்பது இல்ஃபோர்டில், மகள் றெஜினாவின் வீட்டில். அவளுடைய கணவர் அன்ரன் நோர்வேயில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கடைகளுக்குக் குளிர்ப்பெட்டி பூட்டுகிறதும் திருத்துகிறதும் தொழில். தங்கமான பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை. ஆனால் கதையும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தால் "ம்". கறி எப்படி என்று கேட்டால் "நல்லம்". கதைக்காத ஆம்பிளையில் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

அந்த வருடம் குளிர் முடிந்த கையோடு இந்த மனிதர் பின்வளவில் நின்று போனில் கதைக்கத் தொடங்கினார். கதை என்றால் அரை மணித்தியாலம். அதுவும் சிரித்துச் சிரித்து. எனக்கு "ம்" தருகிறவர் யாருக்கு இந்தச் சிரிப்பெல்லாம் கொடுக்கிறார் என்று பார்க்க, காய்ந்த உடுப்பைத் திரும்பவும் நனைத்துக் கொடியில் போடப் போனேன். அவர் கதைத்தது நோர்வே பாஷை. ஒரு சொல் பிடிபடவில்லை. ஆனால் கை பிடிபட்டது. இடக்கையை முன்னுக்கு நீட்டி, வலக்கையைக் கன்னத்தடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பெட்டையோடு கதைக்கிறவன் ஒற்றைக் கண்ணை மூடலாம். கையை ஏன் நீட்ட வேண்டும்?

அடுத்த கிழமை அவருடைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் ஒரு கடதாசி. வட்டத்துக்குள் வட்டம், நடுவில் மூன்று ஓட்டை. அதற்கடுத்த கிழமை இரண்டு பேர் ஒரு இரும்பு அலுமாரியைத் தூக்கி வந்தார்கள். ஒடுக்கமாக, என் உயரத்துக்கு இருந்தது. படிக்குக் கீழே இருந்த கூட்டுக்குள் வைத்துச் செங்கல் சுவரோடு சேர்த்து நான்கு ஆணி முறுக்கினார்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். "வேலைச் சாமான் வைக்க" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமல்.

பூசைக்கு வருகிற திரேசாவுக்குப் போன் எடுத்தேன். வெம்பிளியில் இருக்கிறாள், என்னிலும் சந்தேகக்காரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, உங்கடை கழுத்துச் சங்கிலியைக் கழட்டி ஒளிச்சு வையுங்கோ" என்றாள். என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விடிந்ததும் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்ற மகளைக் குசினிக்குள் மறித்துக் கேட்டேன். உண்மை வந்தது.

"அம்மா, இவர் மான் சுடப் போறார்."

"மானோ? இல்ஃபோர்டிலையோ?"

"ஸ்கொட்லாந்திலை. நோர்வேயிலை இருக்கேக்கை ஒவ்வொரு வருசமும் சிநேகிதரோடை போறவர். லண்டனுக்கு வந்து பத்து வருசமாப் போகேல்லை. இந்தப் புரட்டாதியிலை அவையள் எல்லாரும் ஸ்கொட்லாந்துக்கு வரினம். இவருக்குச் சொந்தத் துவக்கு வேணும், பொலிஸ் லைசென்ஸ் வேணும். பத்து வருசமாச் சனி ஞாயிறும் பிரிஜ் திருத்தின மனிசன் அம்மா. ஒரு கிழமைதான் கேக்கிறார்."

எனக்கு ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு ஏன் மறைச்சனாங்கள் எண்டு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

தெரியும்தான். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் துவக்கு இருக்கிறது என்று யாராவது வாயால் சொன்னால் போதும், அடுத்த நாள் அந்த வீட்டில் ஆம்பிளை இருக்க மாட்டான். அதைக் கண்டு வந்தவளுக்கு மான், மரை என்று கதை சொன்னால் உடனே நம்பிவிட முடியுமா? முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிறதைச் சுடுகிற துவக்கு வேண்டுமாம். அவ்வளவு தூரத்தில் நின்று சுடுகிறவன் ஏன் கிட்டப் போகப் பயப்படுகிறான்? மானுக்கு என்ன, திருப்பிச் சுடத் தெரியுமா?

துவக்குப் பார்க்கக் கடைக்குப் போகிற நாளில் நானும் வருவேன் என்றேன். "மாமிக்கு அலுப்படிக்கும்" என்றார் மருமகன். (ஒரு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நீண்ட வசனம் அது. அதிலேயே தீர்மானம் எடுத்துவிட்டேன்.)

கடை லண்டனுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில். சுவர் முழுக்கத் துவக்கு, விளக்குமாறு விற்கிற கடை மாதிரிச் சாத்தி வைத்திருந்தது. கடைக்காரர் வயது போன வெள்ளைக்காரர், கட்டம் போட்ட சேட்டு. காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. மேசையில் பச்சைத் துணி விரித்து மூன்று துவக்கை வரிசையாக வைத்தார்.

அன்றைக்குத்தான் என் மருமகனுக்கு வாய் இருக்கிறது என்று கண்டேன். எனக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். குழல் தடிப்பாக இருந்தால் வெடிக்கும்போது நடுங்காது, தூரத்துக்கு நேராகப் போகும், ஆனால் நாள் முழுக்க மலையில் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது. மெல்லிய குழல் தூக்கச் சுகம், ஆனால் இரண்டு வெடியில் சூடாகிக் குறி விலகும். மரப் பிடி வடிவு, மழைக்கு ஊதும். பிளாஸ்ரிக் பிடி வடிவில்லை, ஊதாது. குண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் காற்று தள்ளாது. விசை இழுக்கிறதே தெரியாமல் இழுபட வேண்டும். மேலே பூட்டிக் குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குத் துவக்கின் விலையே கொடுக்கலாம், தப்பில்லை.

நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். முதலாவது உலக்கை. இரண்டாவது பயற்றங்காய் மாதிரி, நம்ப முடியாது. மூன்றாவது கைக்கு அளவாக இருந்தது, கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி. நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. திரைச்சீலைக் கம்பி வாங்கும்போது பார்க்கிற மாதிரி ஒரு நுனியைக் கண்ணில் வைத்து மற்ற நுனியைப் பார்த்தேன். கடைக்காரர் பாய்ந்து வந்தார். நாய் எழும்பி நின்றது. நான் கண்ணை வைத்தது குண்டு வெளியே வருகிற பக்கம். உள்ளே ஒன்றும் இல்லையாம், வெடிக்க வைக்கிற பூட்டைக் கழற்றித்தான் தந்ததாம், என்றாலும் அந்த மனிதர் பத்து நிமிடம் கதிரையில் இருந்துதான் எழும்பினார்.

அந்த மூன்றாவதோடு ஒரு கடதாசியும் தந்தார்கள். நான் காற்சட்டைப் பையில் கண்ட அதே வட்டம், அதே மூன்று ஓட்டை. முந்தியும் ஒருதரம் வந்து இந்தத் துவக்கைப் பார்த்திருக்கிறார் மருமகன்.

"இதை ஆர் சுட்டது தம்பி?"

"தொழிற்சாலையிலை சுட்டுப் பாத்துத்தான் அனுப்புவினம் மாமி. மூண்டு வெடியும் ஒரு காசுக்குள்ளை விழவேணும்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப பென்சிலாலை குத்தியிருக்கலாம். அவருக்குச் சொல்லுங்கோ."

மருமகன் கடைக்காரருக்கு ஏதோ சொன்னார். நான் சொன்னது நீளம், அவர் சொன்னது கட்டை. கடைக்காரர் சிரித்தார். (விற்கிறவன் சிரித்தால் வாங்குகிறவன் அழுவான் என்பது என் அனுபவம்.) நான் மேசையை விட்டு அசையவில்லை. கடைசியில் கடைக்காரரே எழும்பி, பின்னுக்கு இருக்கிற தங்கள் வெளியில் என் கண் முன்னாலேயே சுட்டுக் காட்டுகிறேன் என்றார்.

புதுக் கடதாசி ஒன்று கொண்டு வந்தார்கள். நான் பேனையை வாங்கி அதன் மூலையில் என் கையெழுத்தை வைத்தேன். என் கையெழுத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எல்லோரும் பொறுமையாக நின்றார்கள். ஏன் என்று மருமகன் கேட்டார். பிறகு வேறு கடதாசியைக் கொண்டு வந்து காட்டினால் எப்படிப் பிடிக்கிறது?

நூறு மீட்டருக்கு அப்பால் பலகையில் அதைக் குத்தினார்கள். எனக்கும் காதுக்கு மூடி தந்தார்கள். கடைக்காரர் குப்புறப் படுத்து ஒரு வெடி வைத்தார். பிறகு ஒன்றும் செய்யாமல் கிடந்தார். ஏன் நிற்பாட்டினார் என்று கேட்டேன். குழல் ஆற வேண்டுமாம். "மலையிலை ஆறின குழலாலை வைக்கிற முதல் வெடிதான் மாமி கணக்கு" என்றார் மருமகன். மூன்றும் முடிந்ததும் ஒருவன் ஓடிப்போய்க் கடதாசியை எடுத்துவரப் புறப்பட்டான். நான் விடவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு நானே நடந்தேன். நூறு மீட்டர் என்பது துவக்குக்குக் கிட்ட, என் முழங்காலுக்குத் தூரம். எல்லோரும் எனக்குப் பின்னால் மெல்ல மெல்ல, திருவிழாவில் மாதா சுரூபம் காவுகிற மாதிரி வந்தார்கள்.

என் கையெழுத்து மூலையில் இருந்தது. மூன்று ஓட்டையும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருந்தன. என் பேர்ஸில் இருந்து இரண்டு பென்ஸ் காசை எடுத்து வைத்தேன். மூடியது.

"தம்பி, இதையே எடுங்கோ" என்றேன்.

மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். போனுக்குச் சிரித்த அதே சிரிப்பு. அந்தத் துவக்கைத் தெரிந்தெடுத்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லுவேன். பொலிஸ் லைசென்ஸ் வரும்வரை கையில் தர மாட்டார்கள், ஆவணி முடியும்வரை ஒதுக்கி வைத்திருப்போம் என்றார் கடைக்காரர். அந்த மாதிரியில் அது ஒன்றுதான் மிச்சமாம்.

துவக்கில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. அலுமாரியில் தீரவில்லை. கடையில் ஒன்றைக் காட்டிவிட்டு வீட்டில் வேறொன்றை வைத்திருந்தால்? அலுமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவருடைய காற்சட்டைச் சங்கிலியில் கிடந்தது. மற்றதைத் தேட எனக்கு இரண்டு நாள் எடுத்தது. நோர்வேயில் போட்ட பனிச் சப்பாத்துக்குள், காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தார். எடுத்துப் போய்த் திறந்தேன். வெறுமை.

நியாயமாக நான் சாவியைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் எங்கள் பக்கத்துத் தெருக்களில் நகைக் கள்ளர் வந்து போகிற காலம். நம்மவர் வீடு என்று தெரிந்தாலே கதவை உடைப்பார்கள். திரேசா சொன்னதும் காதில் இருந்தது. இங்கே செங்கல் சுவரில் நான்கு ஆணி முறுக்கிய இரும்பு அலுமாரி ஒன்று சும்மா வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. நான் சங்கிலியை வைத்தேன். பிறகு காப்புச் சோடி. பிறகு பாஸ்போர்ட். பிறகு ஊரில் இருந்து வந்த மிளகாய்த்தூள் (அதையும் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், என் மகள் உட்பட). கடைசியில் என் சாவுக்கு உடுத்தச் சொல்லி நானே தெரிந்தெடுத்து வைத்த வெள்ளைச் சேலையும் போனது. சாவி என் மடிக்குள். தாயின் வீட்டில் தாயும், கட்டின வீட்டில் நானும், வீட்டுச் சாவியை மடியில் வைத்திருந்த ஆட்கள். அலுமாரிச் சாவி மடியில் கனக்கும்போது இந்த வீட்டிலும் நான் ஒரு ஆள் என்று இருந்தது. பொலிஸ் வந்து பார்க்கும் வரைக்கும் அவர் அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லை. வெறும் அலுமாரியை யார் திறந்து பார்ப்பார்கள், என்னைத் தவிர?

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, பொலிஸில் இருந்து லைசென்ஸ் விசாரணைக்கு ஆள் வருவதாக இருந்தது. மருமகன் சவரம் செய்து சேட்டு அழுத்திப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். மகள் வேலையில் நின்றாள். வந்தவள் ஒரு பெண். சீருடை இல்லை. சீருடை இல்லாத பொலிஸ் எந்த ஊரில் இருக்கிறது? அடையாள அட்டையை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் கோபிக்கவில்லை.

வீட்டில் இருக்கிறவர்களோடும் தனியக் கதைக்க வேண்டுமாம். மருமகனை முன்னறையில் விட்டுவிட்டுக் குசினிக்கு வந்தாள். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொலிஸோ ஆமியோ என்ன கேட்டாலும் முதல் பதில் தெரியாது என்பதுதான். அவர் குடிக்கிறவரா என்று கேட்டாள்.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

கோபக்காரரா? "ஐ டோன்ட் நோ." மனைவியோடு சண்டை பிடிக்கிறவரா? "ஐ டோன்ட் நோ." எத்தனை வருடம் இந்த வீட்டில்? அதற்கும் அதுதான். அவளுடைய பேனை ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று எழுதியது. நானோ மருமகனை நல்லாகக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்து இருந்தேன்.

பிறகு மூன்று பேரும் படிக்குக் கீழே போனோம். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். தன்னிடம் மட்டும், மற்றது தனக்குத் தெரிந்த இடத்தில் ஒளித்து இருக்கிறது, வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்றார் மருமகன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அலுமாரியைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்.

முதலில் சேலை விழுந்தது. பிறகு ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்த மிளகாய்த்தூள் உருண்டு வந்து அவளுடைய சப்பாத்தில் முட்டி நின்றது. மேல்தட்டில் சங்கிலியும் காப்பும் பாஸ்போர்ட்டும், நான் வைத்த ஒழுங்கில் அழகாக இருந்தன. மருமகனின் முகத்தை நான் பார்த்தேன். பத்து வருடமாகத் திருத்திய பிரிஜ்ஜைத் திறந்தபோது உள்ளே அடுப்பு எரிந்த மாதிரி நின்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். யார் இதைத் திறந்தது என்று அவள் மெல்லமாகத்தான் கேட்டாள்.

பாருங்கள், அந்த இடத்தில் வர வேண்டிய பதில் தெரியாது என்பதுதான். வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல். குசினிக்குள் நான்கு தரம் சொன்ன சொல். அது வரவில்லை. அந்தப் பெண் பிள்ளை என் அலுமாரியின் ஒழுங்கைப் பார்த்து மெச்சுகிறாள் என்று நினைத்துவிட்டேன். மடிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"ஐ கீப்" என்றேன். "வெரி சேஃப். நோபடி நோ." அது போதாது என்று மருமகனையும் சுட்டிக் காட்டினேன். "ஹீ ஆல்சோ நோ நோ."

அவள் பேனையை மூடினாள்.

போகும்போது மருமகனிடம் நீண்ட நேரம் கதைத்தாள். மரியாதையாகத்தான் கதைத்தாள். என் சேலையை மடித்துக் கையில் தந்துவிட்டுப் போனாள். லைசென்ஸ்காரரைத் தவிர வேறு ஒருவர் கைக்குச் சாவி போகக் கூடாதாம். இந்த வீட்டில் துவக்கு வைக்க இப்போது விட ஏலாதாம். வேறு அலுமாரி பூட்டி, திரும்ப அறிவித்து, திரும்ப ஆள் வந்து பார்க்க வேண்டுமாம். அது எப்போது என்று அவளுக்கே தெரியாதாம்.

வாசல் கதவு சாத்தியதும் மருமகன் படியில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தேன்.

"மாமி, சாவியை எடுத்தது பரவாயில்லை" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாதெண்டதை ஏன் சொன்னீங்கள்?"

"உண்மையைத்தானே தம்பி சொன்னன்."

"ம்" என்றார்.

ஆவணி முடிந்தது. கடைக்காரர் இரண்டு கிழமை கூடப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் தெரிந்தெடுத்த துவக்கை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். புரட்டாதியில் நோர்வேச் சிநேகிதர் வந்து, மலையில் ஒரு கிழமை திரிந்து, படங்கள் அனுப்பிவிட்டுப் போனார்கள். மருமகன் அந்தக் கிழமை ஈஸ்ட்ஹாமில் ஒரு மீன்கடைக்காரருக்குக் குளிர் அறை பூட்டினார். ஒவ்வொரு பின்னேரமும் படம் வரும். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தக் கிழமை ஏழு நாளும் அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தேன். ஏழாம் நாள், "மாமி, நாளைக்குச் சோறும் பருப்பும் காணும்" என்றார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் இலக்கம் அமத்துகிற அலுமாரி வந்தது. இலக்கம் எனக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அதே பெண் பிள்ளைதான் திரும்ப வந்தாள். நான் மடியைத் தட்டிக் காட்டினேன், ஒன்றும் இல்லை என்று. அவள் சிரித்துவிட்டாள். லைசென்ஸ் வந்தது. வேறு துவக்கு வாங்கினார், என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல். நல்ல துவக்குத்தானாம், ஆனால் முந்நூறு மீட்டருக்கு நான் தெரிந்தெடுத்தது மாதிரி இல்லையாம். நான் என்ன சொல்ல? இதைத் தெரிந்தெடுக்கும்போது ஒருவரும் கடதாசியில் கையெழுத்து வைக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு புரட்டாதியும் அவர் ஸ்கொட்லாந்துக்குப் போகிறார். ஒரு மான் தப்பினால், கைவிட்டுப்போன அந்தத் துவக்காக இருந்தால் விழுந்திருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. தப்பின மான் எல்லாம் வீட்டில் என் பேரில். "அம்மா, இந்த வருசம் உங்கடை மான் ரெண்டு" என்பாள் மகள், பூசை முடிந்து நிற்கிற சனத்துக்கு நடுவில். திரேசா அதை வெம்பிளி முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞானஸ்நான வீட்டிலும் கலியாண வீட்டிலும் அறியாத ஆட்கள் வந்து, எத்தனை மானுக்கு உயிர் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். பதினொன்று என்று சொல்லுகிறேன்.

ஒவ்வொன்று தப்பும்போதும் மருமகன் மலையில் நின்று எனக்கு ஒரு படம் அனுப்புவார். படத்தில் மலை இருக்கும், புல் இருக்கும், மேகம் இருக்கும். மான் இருக்காது. கீழே "மாமியின்ரை மான்" என்று எழுதியிருப்பார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை தேடிப் பார்க்கிறேன். அவர் சொல்லுகிறார் என்பதற்காக ஓடிவிட்டது என்று நான் நம்பிவிட முடியாதே.